மோதிர விரலில் ஒரு கண்ணாடிக் குப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பது வயதில் ஒரு பையன் கிட்டாரைத் தொட்டான், பதினொரு வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டு மேடையேறினான் என்று கேள்விப்பட்டால் உடனே நம் வாயில் வருகிற சொல் 'குழந்தை மேதை'. பூர்வ ஜென்மத்து வாசனை என்று சிலர் சொல்வார்கள். ரத்தத்திலேயே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபான புளூஸையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் அமெரிக்க கிட்டார் கலைஞர் டெரெக் ட்ரக்ஸ். அவரைப் பற்றியும் இதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு பழைய தகராறு. 'மேதை' என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டால், அதற்கப்புறம் 'எப்படி' என்று யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் பிள்ளையின் காதில் என்ன விழுந்துகொண்டிருந்தது? கையில் எதைக் கொடுத்தார்கள்? யார் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்? இவற்றைக் கேட்டால் கதை வேறு மாதிரி வருகிறது. என் கட்சி இதுதான்: அந்தப் பிள்ளைக்கு முதலில் வளர்ந்தது காது, விரல் அதற்குப் பின்னால் வந்தது. இந்தப் பேச்சில் இதை நான் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிற ஊர் ஜாக்சன்வில். 1969 மார்ச்சில் அங்கேதான் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்ற குழு உருவானது. டுவேன் ஆல்மன் அண்ணன், கிரெக் ஆல்மன் தம்பி. டுவேன் கிட்டார், கிரெக் பாட்டும் ஆர்கனும். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க இரண்டு பேர். அவர்களில் ஒருவர் புட்ச் ட்ரக்ஸ். 1979 ஜூன் 8 அன்று பிறந்த டெரெக், இந்தப் புட்ச்சின் அண்ணன் தம்பி வழியில் பிள்ளை. ஆக, குடும்பத்தில் ஒரு பெரிய பெயர் இருந்தது உண்மை. ஆனால் டெரெக்கின் அப்பா இசையை வைத்துப் பிழைத்தவர் இல்லை. வீடுகளுக்குக் கூரை போடும் தொழில் அவருக்கு. வேலை முடிந்து வந்தால் வீட்டில் இசைத்தட்டு ஓடும். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் எந்த இசைத்தட்டு ஓடியது என்பதைப் பிள்ளைகளின் பெயரிலேயே கண்டுபிடித்துவிடலாம். 1970-இல் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், 'டெரெக் அண்ட் த டோமினோஸ்' என்ற குழுவை வைத்துக்கொண்டு மயாமி நகரில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். விருந்தாளியாக வந்து, தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் வாசித்தவர் டுவேன் ஆல்மன். அந்த 'டெரெக்' மூத்த பிள்ளைக்குப் பெயராயிற்று. பின்னால் பிறந்த தம்பிக்குப் பெயர் டுவேன். நம் வீடுகளில் தியாகராஜன், சியாமளா என்று வைப்பதில்லையா, அதே மாதிரிதான். தாலாட்டு என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. டோமினோஸ் ஆல்பமும், ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நேரடியாக வாசித்துப் பதிவான இரட்டை இசைத்தட்டும் அந்த வீட்டில் தினப்படி சங்கதி. பேச்சு வருவதற்கு முன்னாலேயே டுவேனின் ஸ்லைடு கிட்டார் அந்தப் பிள்ளையின் காதில் ஊறிவிட்டது. ஆனால் டுவேன் ஆல்மனை டெரெக் பார்த்ததே இல்லை. 1971 அக்டோபர் 29 அன்று, ஜார்ஜியாவில் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. டெரெக் பிறக்க இன்னும் ஏழரை வருஷம் இருந்தது.

ஒன்பது வயதில், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்ற இடத்தில் ஐந்து டாலருக்கு ஒரு கிட்டார் கிடைத்தது. இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். பையனின் கை சின்னது. கிட்டாரைத் தொட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். வீணையில் மெட்டு என்பார்களே, அதே வேலை. தலைப் பக்கத்து முதல் கட்டம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் அகலம். நான்கு விரலையும் நான்கு கட்டத்தில் விரித்து வைத்து, உலோகத் தந்தியை அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒன்பது வயதுக் கைக்கு எட்டாது. எட்டினால் அழுத்தம் போதாது. அழுத்தினால் விரல் நுனி புண்ணாகும். பல பிள்ளைகளின் கிட்டார் ஆசை இந்த இடத்தில்தான் பரணுக்குப் போகிறது.

டெரெக்குக்கு வழியாக வந்தது ஸ்லைடு. ஒரு கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போவது. நான்கு விரலின் வேலையை ஒரு விரல் பார்த்துவிடும். அழுத்தவே வேண்டாம். புண் இல்லை, எட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. கைக்கு இவ்வளவு சலுகை. ஆனால் சும்மா கிடைத்த சலுகை இல்லை. அதற்கு விலையைக் காதிடம் வாங்கிக்கொள்கிறது ஸ்லைடு. அதைச் சொல்வதற்கு முன் இந்தக் கண்ணாடிக் குழாய் எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்லியாகவேண்டும். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1968. டுவேன் ஆல்மனுக்குப் பிறந்த நாள். அதற்குச் சில நாள் முன்னால் குதிரையிலிருந்து விழுந்து இடது முழங்கையில் அடி. கிட்டார்காரனுக்கு இடது கை அடிபட்டால் எப்படி இருக்கும்! குதிரையேற்றத்துக்கு அழைத்துப்போனது தம்பி கிரெக்தான் என்று அவர்மேல் கோபம். முகத்தில் முழிக்காதே என்கிற அளவுக்குக் கோபம். போதாததற்கு ஜலதோஷம் வேறு. தம்பி என்ன செய்தார் என்றால், இரண்டு சாமான் வாங்கினார். ஒன்று, தாஜ் மஹால் என்ற பாடகரின் முதல் ஆல்பம், அப்போதுதான் வந்திருந்தது. அதில் ஜெஸ்ஸி எட் டேவிஸ் ஸ்லைடு வாசித்திருப்பார். இன்னொன்று, ஜலதோஷத்துக்குக் கொரிசிடின் மாத்திரை, சின்னக் கண்ணாடிக் குப்பியில். இரண்டையும் அண்ணன் வீட்டு வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, ஓட்டம். சில மணி நேரத்தில் டுவேனிடமிருந்து டெலிபோன்: உடனே கிளம்பி வா. போய்ப் பார்த்தால் மாத்திரைகள் மேஜையில் கொட்டிக் கிடக்கின்றன. குப்பியின் லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, அதை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு, அந்த ஆல்பத்தோடு கூடவே வாசித்துக்கொண்டிருக்கிறார் அண்ணன். இது கிரெக் ஆல்மன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கதை. தம்பி சொன்னதில் கொஞ்சம் மசாலா இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். மருந்துக் குப்பி மட்டும் நிஜம். பின்னாளில் அந்த மருந்து கண்ணாடிக் குப்பியில் வருவது நின்றுபோனதும், அதே வடிவத்தில் ஸ்லைடு செய்து விற்கிற அளவுக்கு அது பேர்பெற்றுவிட்டது.

டெரெக்கின் விரலில் இருப்பதும் கண்ணாடிதான். அதே மோதிர விரல். பைரெக்ஸ் கண்ணாடி, சோதனைச் சாலையில் சூடுதாங்கும் குடுவை செய்கிறார்களே, அந்த ரகம். பித்தளையில் ஸ்லைடு உண்டு, எஃகில் உண்டு. பித்தளை கனமாக இருக்கும், ஓசை கூர்மையாக வரும். கண்ணாடியில் விளிம்பு மழுங்கின, பாடும் குரலுக்கு நெருக்கமான ஓசை. ஒரு எச்சரிக்கை: கண்ணாடி என்றால் மெல்லிய கண்ணாடி போதாது. சுவர் தடிமனாக இருக்கவேண்டும். எடை குறைந்த குழாய், தந்தியின் மேல் நிலையாக உட்காராமல் கிறீச்சிடும். இன்னொன்று, அளவு. கையைக் கீழே தொங்கவிட்டால் கழன்று விழக்கூடாது. கழற்ற நினைத்தால் சோப்பு போட்டு இழுக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது.

சரி, காது கொடுக்கவேண்டிய விலைக்கு வருவோம். சாதாரணமாகக் கிட்டார் வாசிக்கும்போது ஃப்ரெட் ஒரு வேலி மாதிரி. இரண்டு வேலிக்கு நடுவில் எங்கே அழுத்தினாலும் சுருதி ஏறக்குறைய சரியாக வந்துவிடும். ஸ்லைடில் அந்த வேலி இல்லை. குழாய் எந்த இடத்தில் தந்தியைத் தொடுகிறதோ அந்த இடம்தான் ஸ்வரம். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனால் அபஸ்வரம். பழைய ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிப்போமே, கொஞ்சம் தள்ளிப்போனால் கரகர என்று இரையும், சரியான இடத்துக்கு வந்ததும் குரல் தெளிந்து நிற்கும். அந்தத் திருகலை விநாடிக்கு நாலைந்து தடவை, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற மாதிரி.

இதில் ஆரம்பக்காரர்கள் விழுகிற குழிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் குழி, விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைத்துப் பழகிய பழக்கத்தில் குழாயையும் அங்கேயே வைப்பது. ஸ்வரம் கீழே நிற்கும். குழாய் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கவேண்டும். இரண்டாவது, அழுத்துவது. அழுத்தினால் தந்தி தாழ்ந்து ஃப்ரெட்டில் மோதி 'டக் டக்' என்று கேட்கும். குழாயின் எடையே போதும், தொட்டால் போதும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. வாசிப்பவர் கழுத்துப் பலகையை மேலிருந்து சாய்வாகத்தான் பார்க்கிறார். அதனால் குழாய் கம்பிக்கு நேராக இருப்பதாகக் கண் சொல்லும், ஆனால் இருக்காது. பள்ளிக்கூட இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதே பிழைதான். ஆகவே கண்ணை நம்பினால் கதை முடிந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகப்போக இடைவெளி வேறு சுருங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் கட்டம் பாதி அகலம்தான், ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். அங்கே இரண்டு மில்லிமீட்டர் தவறினால், அரை ஸ்வர தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடுகிறது. சபையில் முன்வரிசை முகம் சுளிக்க அது போதும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கை சிறியது என்பதற்காக ஒரு பிள்ளையிடம் இந்தக் குழாயைக் கொடுக்கிறார்கள். விரல் நீளத்துக்கு வேலையில்லை, வலுவுக்கு வேலையில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் கேட்டு, 'இது சரியா, கொஞ்சம் ஏற்றணுமா' என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பத்து வருஷம் கழித்து வருகிற கட்டாயம், இவருக்கு ஒன்பது வயதில் வந்துவிட்டது. நல்ல வேளையாக, எது சரி என்று அளந்து பார்க்க மனதுக்குள் ஒரு படி இருந்தது: தொட்டிலில் கேட்ட டுவேன் ஆல்மன். காது முதலில், விரல் பிறகு. இரண்டாம் தடவை சொல்லியாயிற்று.

சுருதி சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இதற்குப் படம் வேண்டாம், வாயால் பாடியே புரிந்துகொள்ளலாம். டெரெக் தன் கிட்டாரை வைத்திருப்பது 'ஓப்பன் ஈ' என்ற சுருதியில். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை நம் ஸ்வரத்தில் சொன்னால்: ச, ப, ச, க, ப, ச. இந்தக் காந்தாரம் அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம் என்கிற ஸ்வரத்தைவிட அரை ஸ்வரம் உயர்ந்தது. அதாவது கையை வைக்காமல் ஆறு தந்தியையும் வருடினாலே ஒரு முழு மேஜர் கார்டு, அதாவது ச-க-ப சேர்ந்த ஸ்வரக் கூட்டு, ஒலிக்கும். தம்புராவுக்கு ஒரு காந்தாரத் தந்தி கூடச் சேர்த்துக் கட்டின மாதிரி. வழக்கமான கிட்டார் சுருதியிலிருந்து இதற்கு வருவதற்கு மூன்று தந்தியை ஏற்றவேண்டும். ஐந்தாவதும் நான்காவதும் ஒரு முழு ஸ்வரம், மூன்றாவது அரை ஸ்வரம். முழு ஸ்வரம் ஏற்றினால் அந்தத் தந்தியின் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கழுத்து வளையும், பழைய தந்தியானால் பட்டென்று அறும். அதனால்தான் சிலர் பயந்து, ஏற்றுவதற்குப் பதிலாக மற்ற நான்கு தந்தியை இறக்கி 'ஓப்பன் டி' வைத்துக்கொள்வார்கள். ஸ்வர உறவு அதேதான். மொத்தத்தில் ஒரு முழு ஸ்வரம் கீழே. பழைய கிட்டாரில் முயற்சி செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது.

புளூஸுக்கு இந்தச் சுருதி ஏன் இவ்வளவு பொருந்துகிறது? புளூஸின் அடிப்படைச் சட்டகம் பன்னிரண்டு ஆவர்த்தனம். நாலு நாலு எண்ணிக்கையாகப் போட்டுக்கொண்டு போங்கள். முதல் நான்கு, ஷட்ஜத்தில். அடுத்த இரண்டு, மத்யமத்தில். மறுபடி இரண்டு, ஷட்ஜத்தில். பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்யமத்தில் ஒன்று, கடைசி இரண்டு ஷட்ஜத்துக்கு வந்து சேரும். இந்தச் சுருதியில் குழாயைக் குறுக்கே நேராக ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்தால் மத்யமத்துக் கார்டு, ஏழில் வைத்தால் பஞ்சமம், பன்னிரண்டில் மேல் ஷட்ஜம். ஒன்பது வயதுப் பையன் மூன்றே இடத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு புளூஸ் பாட்டுக்குத் துணை வாசித்துவிடலாம்.

ஆனால் புளூஸின் உயிர் அந்த மூன்று இடத்தில் இல்லை. அது காந்தாரத்தில் இருக்கிறது. நமக்குச் சாதாரண காந்தாரம் தெரியும், அந்தர காந்தாரம் தெரியும். புளூஸ் பாடகர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிற்பார். பியானோவில் அந்த இடம் இல்லை; கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் இருக்கிற சந்து அது. சாதாரண கிட்டாரில் தந்தியை இழுத்து வளைத்துத்தான் தொடவேண்டும். ஸ்லைடில் அது சும்மா கிடக்கிறது: முதல் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தாண்டி, நான்காவதைத் தொடாமல் நிற்கவேண்டும். எவ்வளவு தாண்டுவது? அதை எந்தப் புத்தகமும் சொல்லாது. பழைய ஸ்லைடு புளூஸ்காரர் எல்மோர் ஜேம்ஸைக் கேட்டால் ஓர் அளவு, டுவேனைக் கேட்டால் இன்னோர் அளவு. டெரெக் இவர்கள் இருவரையும் கேட்டு வளர்ந்தவர்.

வலது கையை மறந்துவிட்டேனே. பெரும்பாலான ராக் கிட்டார்காரர்கள் பிளாஸ்டிக் வில்லையால் தந்தியை மீட்டுவார்கள். டெரெக்கிடம் வில்லை கிடையாது. வெறும் கட்டைவிரலும் மற்ற விரல்களும். அழகுக்காகச் செய்வதில்லை இது. ஆறு தந்தியும் இசைந்து கட்டியிருக்கிற கிட்டாரில், ஒரு தந்தியைத் தொட்டால் பக்கத்துத் தந்திகளும் கூட அதிர்ந்து இரைச்சல் கிளம்பும். மின்சாரக் கிட்டாரானால் கேட்கவே வேண்டாம். வலது கையின் ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு தந்தியின் மேல் உட்கார்ந்து, வேண்டியது மட்டும் ஒலிக்கவும் மற்றவை வாய்மூடி இருக்கவும் பார்த்துக்கொள்கின்றன. இடது கையிலும் அப்படித்தான்: குழாய்க்குப் பின்னால் வருகிற விரல் லேசாகத் தந்தியைத் தடவிக்கொண்டே வரவேண்டும். இல்லையென்றால் குழாய்க்குப் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து முனகும். ஸ்லைடு கற்றுக்கொள்கிறவர்கள் பாதி நாளை ஓசை எழுப்பக் கற்றுக்கொள்வதிலும் மீதிப் பாதியை ஓசையை அடக்கக் கற்றுக்கொள்வதிலும் செலவிடவேண்டும். பலர் இரண்டாவது பாதியைச் செய்வதில்லை. கேட்டாலே தெரிந்துவிடும்.

கருவி கிப்சன் எஸ்.ஜி. உடம்பு மெலிசு, கழுத்தின் இரண்டு பக்கமும் குடைந்திருப்பதால் கடைசி ஃப்ரெட் வரை கை தடையில்லாமல் போகும். ஸ்லைடுக்கு அது வசதி. அங்கிருந்து ஒரு கம்பி நேராக ஃபெண்டர் சூப்பர் ரிவர்ப் என்ற வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு. நடுவில் காலால் மிதிக்கிற எஃபெக்ட் பெட்டி எதுவும் கிடையாது. சத்தம், கரகரப்பு, மென்மை எல்லாம் விரலின் அழுத்தத்திலும் கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழிலும்தான். தப்பு செய்தால் மறைக்க எதுவும் இல்லை. இளம் பிள்ளைகள் ஊருக்கு முன்னால் பெட்டி வாங்குகிற காலத்தில் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

பதினொரு வயதில் முதல் சம்பளக் கச்சேரி. பதின்மூன்று நிறைவதற்குள் பட்டி கை (Buddy Guy) போன்ற சிகாகோ புளூஸ் பெரியவரோடு மேடையில் நின்றாயிற்று. ஆல்மன் பிரதர்ஸும் அவ்வப்போது மேடைக்குக் கூப்பிட்டு வாசிக்கவிட்டார்கள். புளூஸில் இது பழைய வழக்கம். பெரியவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது சின்னவரை அழைத்து இரண்டு சுற்று கொடுப்பார்கள். பாடத்திட்டம் கிடையாது. வாத்தியார் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் கிடையாது. பெரியவர் எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்து, அந்த இடத்தில் நுழைந்து, நேரத்துக்கு வெளியே வந்துவிடவேண்டும். கிட்டத்தட்ட அதே வருஷங்களில் நியூயார்க் மாநிலத்தில் ஜோ பொனமாசா என்ற பையனும் பன்னிரண்டு வயதில் புளூஸ் பெரியவர் பி.பி. கிங்கின் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார். ஆகவே இது ஒருத்தருக்கு மட்டும் நடந்த அற்புதம் என்று நினைக்கவேண்டாம்.

சின்னப் பிள்ளை வாசிக்கிறது என்றாலே கூட்டம் கைதட்டிவிடும். இதுதான் ஆபத்து. வேகமாக வாசித்தால் இன்னும் கைதட்டும். பிள்ளை அந்தக் கைதட்டலுக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டால், மீசை முளைக்கிற வயதில் கைதட்டல் நின்றுவிடும். அப்போது கையில் வேகம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். டெரெக் இதில் விழாததற்குக் காரணமாக எனக்குத் தோன்றுவது, 1994-இல், பதினைந்து வயதில், சொந்தக் குழு வைத்துக்கொண்டது. பெயர் டெரெக் ட்ரக்ஸ் பேண்ட்தான், ஆனால் கூட வாசித்தவர்கள் எல்லாம் வயதில் மூத்தவர்கள். டிரம்ஸில் யோன்ரிகோ ஸ்காட், பேஸில் டாட் ஸ்மாலி. அவர்கள் 'தம்பி நல்லா வாசிக்கிறான்' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை. போதாததற்கு கர்னல் புரூஸ் ஹாம்ப்டன் என்று ஓர் அட்லாண்டா இசைக் கிறுக்கர் – மரியாதையாகத்தான் சொல்கிறேன் – ஸாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேன், சன் ரா என்று ஜாஸ் பக்கமெல்லாம் இந்தப் பையனின் காதைத் திருப்பிவிட்டார். ஸாக்ஸஃபோன்காரர் மூச்சு விடுகிற இடத்தில் வாக்கியம் முடியும். கிட்டார்காரருக்கு மூச்சே தேவையில்லை. அதனால்தான் நிறுத்தாமல் வாசித்துத் தள்ளுகிறார்கள். டெரெக்கின் வாசிப்பில் இடைவெளி இருக்கும். ஒரு வாக்கியம், கொஞ்சம் மௌனம், அப்புறம் அடுத்த வாக்கியம்.

இப்போது நமக்குப் பக்கத்தில் வருகிற செய்தி. இந்த ஜாக்சன்வில் இளைஞர், கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல் என்ற ஊரில் உஸ்தாத் அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். அலி அக்பர் கானின் வாத்தியம் சரோட். சரோடுக்கு மெட்டே கிடையாது. எஃகுத் தகட்டின் மேல் நகத்தால் வழுக்கி வாசிப்பது. ஸ்லைடு கிட்டார்காரருக்கு அதைவிடச் சொந்தமான வாத்தியம் வேறு உண்டா? நம் ஊரில் கோட்டுவாத்தியம் இருக்கிறதே, மெட்டில்லாத பலகையின் மேல் ஒரு கட்டையை உருட்டி இழுத்துக் கமகம் வாங்குகிற அந்தச் சித்திர வீணை, அதைக் கேட்டிருக்கிறவர்களுக்கு டெரெக்கின் கிட்டாரைக் கேட்டதும் 'அட, நம்ம சங்கதி' என்று தோன்றும். மிசிசிப்பிக் கரையில் கத்தியாலும் குப்பிக் கழுத்தாலும் தந்தியை வழுக்கியவர்களுக்குக் கோட்டுவாத்தியம் தெரியாது. இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. தொண்டையைப் போலத் தந்தி பாடவேண்டும் என்ற ஆசை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அவருடைய கிட்டார் ச-ப-ச என்று கட்டியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, இங்கே அது கைகொடுக்கிறது. கீழ்த் தந்திகளைத் தம்புரா மாதிரி ஒலிக்கவிட்டு, மேல் தந்தியில் ஆலாபனை மாதிரி மெதுவாக விரித்துக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு பொறியும் உண்டு. அந்தத் திறந்த மூன்றாம் தந்தி அந்தர காந்தாரம். சாதாரண காந்தாரம் வருகிற ராகச் சாயலில் வாசிக்கும்போது அந்தத் தந்தி தப்பித்தவறி அதிர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதை அடக்கத்தான் முன்னே சொன்ன வலது கை விரல்கள். 2002-இல் வந்த அவர் குழுவின் ஆல்பத்தில் பாகிஸ்தான் பாடகர் ராஹத் ஃபதே அலி கான் வந்து, சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலி பாடியிருக்கிறார். ஜாக்சன்வில்லில் தன் வீட்டோடு ஒரு பதிவுக்கூடம் கட்டிக்கொண்டபோது டெரெக் அதற்கு வைத்த பெயர் 'ஸ்வாம்ப் ராகா'. சதுப்பு நிலத்து ராகம். ஃபுளோரிடாவின் சேறும் அலி அக்பர் கானும் ஒரே பலகையில்.

இந்த ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள். நிமிஷம் குறைந்துவிட்டது. குப்பிக் கதையில் நான் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்துவிட்டேன். மீதியை வேகமாகச் சொல்கிறேன்.

1999-இல், இருபது வயதில், ஆல்மன் பிரதர்ஸில் முறையான உறுப்பினர். டுவேன் வாசித்த பகுதிகளை வாசிக்கிற இடம். அப்பாவின் சகோதரர் புட்ச் பின்னால் டிரம்ஸில். 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட நூறு கிட்டார்காரர்கள் பட்டியலில் 81-ஆவது இடம். 2011 பட்டியலில் 16. பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை, சொல்லிவைக்கிறேன். 2006-இல் எரிக் கிளாப்டன் தன் உலகச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்தார். எந்தக் குழுவின் பேரைப் பிள்ளைக்கு வைத்தார்களோ, அதே குழுவின் ஆல்பத்துப் பாட்டுகளை, அதே கிளாப்டன் பக்கத்தில் நின்று, டுவேனின் இடத்தில் வாசித்தார். அந்த வருஷம் ஒரே சமயத்தில் மூன்று குழுவில் வேலை. பதிவுக்கூடத்தில் செய்த 'ஆல்ரெடி ஃப்ரீ' ஆல்பத்துக்கு 2010-இல் கிராமி என்ற அமெரிக்க இசை விருது. அதே 2010-இல் மனைவி சூசன் டெடெஸ்கியோடு சேர்ந்து டெடெஸ்கி ட்ரக்ஸ் பேண்ட். சூசன் பாடகி, கிட்டாரும் வாசிப்பார். அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு 2012-இல் இன்னொரு கிராமி. ஊதுகருவிகள், இரண்டு டிரம்ஸ், கோரஸ் என்று ஒரு பெரிய குடும்பம் அது. அந்தக் குழுவுக்கே தனியாக ஒரு பேச்சு வேண்டும்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2014 அக்டோபர் 28, நியூயார்க் பீக்கன் தியேட்டரில் ஆல்மன் பிரதர்ஸின் கடைசிக் கச்சேரி. இரவு பன்னிரண்டைத் தாண்டியும் நிற்கவில்லை. தேதி 29 ஆகிவிட்டது. டுவேன் ஆல்மன் இறந்த அதே தேதி, நாற்பத்து மூன்று வருஷம் கழித்து. கடைசியாக வாசித்தது, குழு தொடங்கியபோது முதன்முதலில் ஒத்திகை பார்த்த, சிகாகோ புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் பழைய புளூஸ். ஸ்லைடு கிட்டார், டெரெக் ட்ரக்ஸ்.

வணக்கம்.